தலைக்கட்டு நோட்டில் இல்லாதவர்கள்

சாமி,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உன் அம்மாவை அவள் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் எனக்குத் தெரியவந்து பத்து வருடம் ஆகிறது. இந்தப் பத்து வருடத்தில் எத்தனையோ முறை உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, நலம் விசாரிக்கும் முதல் வரியோடு நிறுத்திக் கிழித்துப் போட்டிருக்கிறேன். கோபத்தால் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னிடம் கோபத்துக்குக் குறைவில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் எழுதாததற்கு உண்மையான காரணம் பயம். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். இனியும் சொல்லாமல் இருந்தால், நான் வாழ்நாளெல்லாம் யாரைத் திட்டித் தீர்த்தேனோ அவர்கள் செய்ததையே நானும் செய்தவன் ஆவேன்.

பத்திரிகை வந்தது. தபாலில் வந்தது. நம் பக்கத்தில் தூரத்துப் பங்காளிக்குக்கூட வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு நேரில் வந்துதான் அழைப்பார்கள். பெற்ற அப்பனுக்கு மகன் கல்யாணப் பத்திரிகையைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். உறையைப் பிரிக்காமல் இரண்டு நாள் மேஜைமேல் போட்டு வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பிரித்து, முதலில் என் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். இருந்தது. பி.எஸ்ஸி., பி.டி. என்று பட்டத்தோடு பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள். உன் அம்மா பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே மணமகளின் பெயரைப் படித்தேன். உன் மாமா மகள். நீ பன்னிரண்டு வயதிலிருந்து எந்த வீட்டில் வளர்ந்தாயோ அந்த வீட்டுப் பெண். அதைப் படித்ததும் தபாலில் அனுப்பிவிட்டார்களே என்ற கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. 

உன் அம்மாவை நீ கண் விரித்துப் பார்க்கத் தொடங்கிய வயதில் அவளுக்கு உடம்பு கெட ஆரம்பித்துவிட்டது. அதற்கு முந்தியவளை எனக்குத்தான் தெரியும். அவளைப் பற்றி உனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. உனக்கு ஏழு வயதாகும்போது ஓர் ஆடிப் பதினெட்டுக்கு மூவரும் மேட்டூர் போனோம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. உன்னை டிரைவர் பக்கத்தில் இன்ஜின்மேல் உட்கார வைத்தார்கள், சூடு தாங்காமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தாய். அணையில் தண்ணீர் நிறைந்து பதினாறு கண் மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஆற்றோரத்தில் பொரித்துக்கொண்டிருந்த மீனை இலையில் வாங்கிவந்து, உனக்கு ஒரு முள் விடாமல் எடுத்து எடுத்து ஊட்டினாள். மயிர் போன்ற முள்ளைக்கூட விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். அந்த விரல்களைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு ஒரு கைப்பிடிச் சுவரில் மூவரும் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தோம். அவளுடைய வலது கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. எந்தப் பாட்டுக்குத் தாளம் போடுகிறாய் என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. அதுவா ஆடுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதற்கு அடுத்த ஐந்து வருடங்களைப் பற்றி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தட்டு கை நழுவி விழுந்தால் கவனமில்லை என்றேன். நடக்கையில் தோள் துள்ளினால் என்ன இது கோமாளித்தனம் என்றேன். எங்கள் தலைமையாசிரியர் வீட்டு விசேஷத்தில் பந்தியில் சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டு போனவள், அவருடைய வேட்டிமேலேயே ஊற்றிவிட்டாள். அந்த ஆள் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை அமுக்கி வைத்திருந்தவர். அவர் முன்னால் என் மானம் போயிற்று என்பது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரிந்தது. பந்தி முழுக்கக் கேட்கும்படி அவளைத் திட்டினேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைகளை ஒளிக்கிறாள் என்பது எனக்குப் புரியவில்லை. முறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டோ எடுக்கப் போனது உனக்கு நினைவிருக்கும். சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில், திரையில் வரைந்த படிக்கட்டுக்கு முன்னால் நின்றோம். ஆடாமல் நில்லுங்கம்மா என்று ஸ்டூடியோக்காரர் நான்கைந்து முறை சொன்னார். கடைசியில் அவள் கையை என் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்படியும் படம் கழுவி வந்தபோது நீயும் நானும் தெளிவாக இருந்தோம். அவள் முகம் மட்டும் கலைந்திருந்தது, தண்ணீரில் தெரிகிற முகம் போல. எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் இறந்த பிறகு அந்த ஸ்டூடியோவைத் தேடிப் போனேன். கடை கைமாறியிருந்தது, பழைய பிலிமெல்லாம் எரித்துவிட்டோம் என்றார்கள். அவளுடைய படம் என்று இன்று என்னிடம் ஒன்றுகூட இல்லை. உன்னிடம் ஏதாவது இருந்தால், தர வேண்டாம், ஒரு தடவை காட்டினால் போதும்.

மதராஸில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அவர் அவளை நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை, நாக்கு தானாக உள்ளே போய்விட்டது. தன் விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அவளுடைய அப்பா, உன் அப்புச்சி, கடைசிக் காலத்தில் தள்ளாடித் தள்ளாடி நடந்து கிணற்றில் விழுந்து இறந்தவர். குடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதைச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இது ரொம்ப அபூர்வம் சார். நம்ம ஜனங்ககிட்ட இல்லேன்னே சொல்லலாம். என் சர்வீஸ்ல இவங்க ரெண்டாவது ஆள்."

அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு பெயரை எழுதிக் காட்டினார். மூளைக்குள் இருக்கிற கோளாறு, பரம்பரையாக வருவது, முப்பது நாற்பது வயதுவரை ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு கை கால் தானாக ஆடத் தொடங்கும், பேச்சும் புத்தியும் பின்னால் போகும், மருந்து கிடையாது என்றார். இருக்கிறவருடைய பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வர பாதி, வராமல் போக பாதி, ஆண் பெண் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை என்றும் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் பட்டாணிச் செடியில் நெட்டை குட்டை வருகிற கணக்கைக் கரும்பலகையில் போட்டு விளக்குகிறவன். அவர் சொன்னது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு என் மண்டையில் ஏறியது 'அபூர்வம்' என்ற ஒரு சொல்தான். யாருக்கும் இல்லாத நோய், அவர்கள் வீட்டில் இருந்திருக்கிறது, மறைத்து எனக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். மதராஸிலிருந்து சேலம் வரும்வரை ரயிலில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கை நழுவ நழுவ மறுபடி பிடித்துக்கொண்டு வந்தாள்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருடம் அவளைத் தம்மம்பட்டிப் பக்கம் உன் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். உன் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு வந்தாய். உன்னை நான் அனுப்பவில்லை, நீயாகத்தான் போனாய். இதைச் சொல்லித்தான் இத்தனை வருடம் என்னைத் தேற்றிக்கொண்டேன். பன்னிரண்டு வயதுப் பையன் அம்மாவோடு போகாமல் வேறு யாரோடு போவான் என்று இப்போது தோன்றுகிறது. வாசலில் நின்று உன் மாமாவிடம், உங்கள் கூட்டத்து நோயை என் தலையில் கட்டிவிட்டீர்கள், எங்கள் கூட்டத்தில் ஏழு தலைமுறையாக இப்படி ஒன்று கிடையாது என்று கத்தினேன். அவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர். 

"சாப்பிட்டுட்டுப் பேசுங்க மாப்ள" என்றார்.

சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

சொன்னதை நிரூபிக்க வேண்டும் என்ற வெறி வந்தது. படித்தவன் அல்லவா. நம் ஒவ்வொரு கூட்டத்துக்கும், அதாவது ஒரே வழியில் வந்த பங்காளிகளுக்கு, ஒரு குலதெய்வக் கோயில் இருப்பதும், கோயிலுக்கு ஒரு தலைக்கட்டு நோட்டு இருப்பதும் உனக்குத் தெரியும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அப்பன், அவன் மகன்கள், அவர்களுடைய மகன்கள் என்று மூன்று நான்கு தலைமுறை அதில் இருக்கும். உன் மாமா கூட்டத்து நோட்டைக் கோயில் பூசாரியிடம் கேட்டு வாங்கிப் பெயர்களைப் பிரதி எடுத்தேன். நம் கூட்டத்து நோட்டையும் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து, ஒவ்வொரு பெயரையும் விசாரித்து, யாருக்கு ஆட்டம் இருந்தது, யார் எப்படி இறந்தார் என்று குறித்தேன். முழுசாக ஒரு வருடம் அலைந்தேன். அவர்கள் கூட்டத்தில் மூன்று பேர் கிடைத்தார்கள்: உன் அப்புச்சி, அவருடைய அப்பா, அவருடைய சித்தப்பா ஒருவர். நம் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. டாக்டர் சொன்னது சரிதான், அபூர்வம்தான், இருப்பதும் அந்த ஒரு வீட்டில்தான் என்று எனக்கு ஒரே திருப்தி.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உன் மாமா வீட்டுக்குப் போனேன். மனைவியைப் பார்க்கப் போகவில்லை, நோட்டைக் காட்டத்தான் போனேன். நீ அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தாய். களத்தில் கயிற்றுக் கட்டிலில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோய், கழுத்து ஒரு பக்கம் இழுக்க, கால் இரண்டும் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தன. உன் மாமா எதிரில் நின்றார். நான் வகுப்பில் வாசிப்பது போலப் பெயர் பெயராக வாசித்தேன். முடிந்ததும் அவள் ஏதோ சொன்னாள். பேச்சு குழறியிருந்ததால் எனக்குப் புரியவில்லை. மறுபடி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஏனுங்க. எங்க அத்தைய எங்க எழுதியிருக்கீங்க?"

அவளுடைய அத்தை என்றால் என் அம்மா. உன் அப்புச்சியின் கூடப் பிறந்த தங்கை. நான் மணந்தது என் தாய்மாமன் மகளைத்தான். அம்மா எனக்கு நாலு வயதாகும்போது காலராவில் போனவள், இருபத்தாறு வயதுகூட முடியவில்லை, அவளை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். உன் அம்மா சிரிக்க முயன்றாள். வாய் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"அவங்க எந்த ஊட்டுல பொறந்தாங்க?" என்றாள்.

அவ்வளவுதான் சாமி.  அந்த வீட்டில் ஆட்டம் வந்தவர் ஒருவர், என் அம்மாவுக்கும் உன் அப்புச்சிக்கும் அப்பா. அண்ணனுக்குப் பாதி என்றால் தங்கைக்கும் அதே பாதி. முப்பது நாற்பது வயதில்தான் தெரியவரும் நோய், இருபத்தாறில் போனவளிடம் எப்படித் தெரிந்திருக்கும்? அவள் இருந்திருந்தால் ஆடியிருப்பாளோ என்னவோ. எனக்கு வந்திருக்குமோ என்னவோ. நெட்டைப் பட்டாணி குட்டைப் பட்டாணி என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். என் அம்மாவை அவள் பிறந்த வீட்டோடு சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவில்லை. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த கூட்டத்து நோட்டிலும் இல்லை, வந்த இடத்து நோட்டிலும் இல்லை. நோட்டில் இல்லாததால் என் கணக்கிலும் இல்லை. படிக்காத நோயாளி, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் அதைப் பார்த்துவிட்டாள். அவளிடம் அன்று மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நோட்டை மடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மறுபடியும் எண்ணினேன். இந்தத் தடவை வேறு நோட்டு. அந்த வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்கள் எங்கே போனார்கள், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள், அந்தப் பெண் பிள்ளைகளை எங்கே கொடுத்தார்கள் என்று தேடினேன். இதற்கு எந்தக் கோயிலிலும் எழுத்து கிடையாது. வயதான பெண்களைக் கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம், ராசிபுரத்துப் பக்கம், இளம்பிள்ளைப் பக்கம் என்று வருடக்கணக்கில் போனேன். இளம்பிள்ளைக்கு அருகே ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கையும் தலையும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. அது நோய் என்று நான் ஆரம்பித்ததுமே அவளுடைய நாத்தனார் முறைத்தாள். "நோவுன்னு சொல்லாதீங்க வாத்தியாரே. அவ மேல அம்மன் வருது. வெள்ளிக்கிழமை நாங்களே குறி கேக்கறம்" என்றாள். இன்னொரு வீட்டில் லாரி டிரைவர் ஒருவர், நாற்பது வயது. முதலாளி குடிகாரன் என்று சொல்லி வண்டியை விட்டு இறக்கிவிட்டார். அவருடைய மனைவி கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தாள்.

"ஒரு சொட்டுத் தொட்டதில்லீங்க அந்த மனுசன். ஊரே குடிகாரன் குடிகாரன்னு சொல்லிச் சொல்லி, போன வருசந்தானுங்க நெசமாவே குடிக்க ஆரம்பிச்சாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

மூன்று என்று திருப்திப்பட்டேனே, பெண் வழியையும் சேர்த்துப் பார்த்தால் பதினான்கு ஆயிற்று. உன் அப்புச்சியைத் தவிரக் கிணற்றில் விழுந்தவர்களையும் பூச்சிமருந்து குடித்தவர்களையும், ஆட்டம் இருந்ததா என்று சரியாகத் தெரியாததால் சேர்க்கவில்லை. அந்தப் பதினான்கு பேரில் டாக்டரிடம் போனது உன் அம்மா ஒருத்திதான். டாக்டர் தன் அறைக்கு வந்தவர்களை வைத்து அபூர்வம் என்றார், நான் கோயில் நோட்டில் இருந்தவர்களை வைத்து அபூர்வம் என்றேன். அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த ஜில்லாவில் இருக்கிற இத்தனை லட்சம் ஜனங்களில் இது அபூர்வமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒரு வீட்டு வழியில் பிறந்தவர்களுக்கு, ஆடுகிற அப்பனுக்கோ அம்மாவுக்கோ பிறந்தவர்களுக்கு, அது பாதிக்குப் பாதி. சேலம் பஸ் ஸ்டாண்டில் நின்று எதிரில் போகிறவர்களை எண்ணினால் ஒருவரும் அகப்படமாட்டார்கள். அவர்களை அந்தந்த வீட்டின் பின்கட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள், பெண்ணுக்கோ பையனுக்கோ கல்யாணம் முடிகிறவரை. நான் போன வீடுகளிலெல்லாம் என்னிடம் கேட்டது ஒன்றேதான்: வெளியே சொல்லிவிடாதீர்கள்.

நானும் சொல்லவில்லை. அவர்களுக்காக என்று சொல்லிக்கொண்டேன். என் அம்மா வழியாக எனக்கும் இருக்கலாம் என்பதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அம்மா இறந்ததாக எனக்குத் தந்தி கொடுத்தார்கள். நான் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அதை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஒரு இரண்டு மணி நேரம் பொறுத்திருக்கலாம். உனக்கு அப்போது பத்தொன்பது வயது. மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு வாசலில் நின்றாய். என்னைப் பார்த்தாய். உள்ளே திரும்பி உன் அத்தையிடம், "வந்தவங்களுக்கு எலை போடுங்க" என்றாய். அப்பாவுக்கு என்று சொல்லவில்லை. நான் அந்த வீட்டில் இரண்டாம் தடவையாகச் சாப்பிடாமல் திரும்பினேன். அதற்குப் பிறகு நீ ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து மத்தியப் பிரதேசத்துக்குப் போய்விட்டாய் என்று மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. போர் போடுகிற வண்டி எங்கள் ஊர் வழியாகப் போனால் இன்னும் வாசலுக்கு வந்து நிற்கிறேன். வண்டிமேல் உட்கார்ந்திருக்கும் பையன்களின் முகத்தைப் பார்க்கிறேன். புழுதியில் எல்லா முகமும் ஒன்றுபோல்தான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகை வந்த வாரம் உன் மாமாவைப் பார்க்கப் போனேன், உனக்குச் சொல்லியிருக்கமாட்டார். இந்தச் சம்பந்தம் உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டேன். அவர் என் அறியாமையைப் பார்த்து இரக்கப்படுவது போலப் பார்த்தார். "அவன் உங்க கூட்டமுங்க மாப்ள. எங்க கூட்டத்து நோவு அவனுக்கு எப்படிங்க வரும்? தங்கச்சியோட அது போச்சுங்க" என்றார். நீங்கதானே அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க என்றும் சேர்த்துக்கொண்டார். ஆமாம், நான்தான் சொன்னேன், அவர் வாசலில் நின்று, ஊர் கேட்க. கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனதார நம்புகிறார். இலை போட்டார். இந்தத் தடவை சாப்பிட்டேன். சாப்பிடும்போது அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு வயதில், நிறைந்த சொம்பைச் சொட்டுச் சிந்தாமல் என் பக்கத்தில் வைத்தார். அவர் தப்பித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் தப்பித்திருந்தால் அவர் மகளுக்குப் பயமில்லை, இல்லாததை அவர் கொடுக்க முடியாது.

பயம் உன் பக்கம்தான். உன் அம்மாவுக்கு இருந்தது, அதனால் உனக்குப் பாதிக்குப் பாதி. எனக்கும் இருந்தால் என் பங்கும் அதோடு சேரும். அவர்கள் வீட்டு நோயை எனக்குத் தந்துவிட்டார்கள் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கத்தினேன். இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கட்டி வைக்கப் போவது என் மகனை. இருக்கிறதா இல்லையா என்று முன்கூட்டியே பார்க்க ஒரு சோதனையும் கிடையாது. உனக்கு இல்லாமலே போகலாம், பயப்படுகிற அதே அளவுக்கு நம்பிக்கையும் வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு இது தெரிய வேண்டும். என் அம்மாவைக் கட்டியபோது என் அப்பாவுக்குத் தெரியாது, உன் அம்மாவைக் கட்டியபோது எனக்குத் தெரியாது. தெரிந்தே சேர்ந்தவர்கள் என்று இந்த வழியில் இதுவரை ஒருவரும் இல்லை.

கல்யாணத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வேன்? அவளைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்து இதைப் படிக்கக் கொடு. உன் மாமாவிடம் கொடுக்காதே, அவர் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார், அவளுக்குப் போய்ச் சேராது. அவள் உன் அம்மாவுக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள், துணி மாற்றியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்த நோய் என்ன செய்யும் என்பது என்னைவிட அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தும் சரி என்றால் அது அவள் சொன்ன சரி. வேண்டாம் என்றால் அவளை ஒரு வார்த்தை சொல்லாதே, யாரையும் சொல்ல விடாதே. குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதையும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள், ஊர் கேட்கும் என்று அவசரப்படாதீர்கள். இன்னும் ஒன்று. பின்னால் என்றைக்காவது உன் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவி, அவள் முகம் சுளித்தால், அதற்காக அவளை வெறுக்காதே. ஒரு டம்ளர் நழுவினால் அது வெறும் டம்ளராகவும் இருக்கலாம். நான் உன் அம்மாவோடு வாழ்ந்த கடைசி ஐந்து வருடத்தில் நழுவிய ஒவ்வொன்றையும் எண்ணினேன், அவளை ஒரு நாளும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை.

இது டைப் அடித்திருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பாய். பள்ளிக்கூடத்து டைப்ரைட்டரில் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டினேன். நடுவில் கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுத்திருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு. படித்த பிறகு அந்தப் பதினான்கு பேர் வழியில் வந்த பிள்ளைகளில் யாருக்குக் காட்டினாலும் எனக்குச் சம்மதம், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அதனால்தான் ஒரு பெயரும் எழுதவில்லை. என் பெயர் ஒன்று தெரிந்தால் போதும், எல்லா வீடும் தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போடாததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதையும் மறைத்தால் இத்தனை எழுதியதற்கு அர்த்தம் இல்லை. இந்த வருடம் என் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பாங்கியிலிருந்து இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். கரும்பலகையில் கோடு போட்டால் நடுவில் ஒரு இடத்தில் துள்ளுகிறது, பின் பெஞ்சுப் பையன்கள் சிரிக்கிறார்கள். வயதால் வருகிற நடுக்கமா, என் அம்மா விட்டுப்போனதா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். இந்தத் தாளின் அடியில் போடலாம் என்று பேனாவைத் திறந்தேன். நீ ஏழு வயதிலிருந்து பத்தொன்பது வரை உன் அம்மாவின் கையைப் பார்த்து வளர்ந்தவன். என்னுடைய ஒரு கோட்டைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும். அதை நீ தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் சாமி. ஒரு நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்து, கையைப் பிடித்துப் பார்த்துச் சொல். டாக்டர் சொல்வதைவிட நீ சொல்வதை நம்புவேன். பேனாவை மூடிவிட்டேன். கீழே இடத்தை அப்படியே காலியாக விட்டுத்தான் இதைத் தபாலில் போடப் போகிறேன்.